கேட்டுக்கு அடித்த பச்சை

வாசல் கூட்டப் போன மனைவி போட்ட சத்தத்தில் பெயிண்டரின் கையிலிருந்த டீ தொடையில் சிந்தியது.

"ஐயையோ, இங்க வந்து பாருங்களேன்! மாப்ள காரை எவனோ நாசம் பண்ணிட்டுப் போயிருக்கான்!"

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? இடது பக்கப் பின்கதவில் அந்தக் கீறல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, எந்த இடத்தில் தகரம் உள்வாங்கியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். படுத்த இடத்தில் புரண்டு புரண்டு மனசுக்குள் அதைத்தான் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளும் மருமகனும் வந்து தங்கிவிட்டு, மருமகனுக்கு வெளியூரில் ஏதோ பயிற்சி என்று ரயிலேறிப் போயிருந்தார்கள். திரும்பி வரும்வரை கார் இங்கேயே நிற்கட்டும் என்று சாவியைப் பெயிண்டரிடம் கொடுத்தார் மருமகன். "வெயில் ஏறுச்சுன்னா கொஞ்சம் நிழலாப் பார்த்து நகத்தி விடுங்க மாமா, போதும்" என்றார். நல்ல பிள்ளை. ஒரு வார்த்தை சத்தமாகப் பேசமாட்டார். பெயிண்டருக்கு அதுதான் பயம். கத்துகிற ஆளிடம் பதிலுக்குக் கத்திவிட்டுப் போகலாம். "பரவாயில்ல மாமா" என்கிற ஆளிடம் என்ன செய்வது?

நிழலுக்கு நகர்த்தச் சொன்ன காரை அவர் வேலை நடக்கிற இடம் வரைக்கும் நகர்த்தினார். மனைவி துணிக் கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போன பிறகு, வேலைச் சட்டையைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். காண்ட்ராக்டரின் சரக்கு வண்டியை ஓட்டிப் பழகிய கை, அதனால் ஓட்டுவதில் சிரமமில்லை. இத்தனை வருஷமாகச் சைக்கிளிலும் அடுத்தவன் வண்டியின் பின்சீட்டிலும் போய் இறங்கிய ஆள், ஒரே ஒரு நாள் காரில் போய் இறங்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். கொலைக் குற்றமில்லை. இறங்கினார். சாரத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "யாருடா அது, ஓனரா?" என்று ஒருத்தன் கேட்க, "ஓனருக்கு மாமனார்" என்றான் இன்னொருத்தன். எந்நேரமும் "யோவ் பெயிண்டர்" என்று கூப்பிடுகிற மேஸ்திரிகூட அன்றைக்கு வாய் தவறி "வாங்க" என்றுவிட்டார். அந்த ஒரு "வாங்க" நாள் பூராவும் பெயிண்டரின் காதில் வெல்லம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மற்றவர்கள் பின்பக்கம் கை கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே காரை எடுத்துத் திருப்பினார். வாசலில் இரும்புக் கேட். முந்தின நாள் அவரே பெயிண்ட் அடித்த கேட். அந்த வீட்டுக்காரருக்குக் கடல் பச்சைதான் பிடிக்குமாம். ஒரு வாரமாக ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, கேட் என்று கண்ணில் பட்ட இரும்புக்கெல்லாம் அந்தப் பச்சையைத்தான் பூசிக்கொண்டிருந்தார். பாதி திறந்து கிடந்த கேட்டின் தாழ்ப்பாள் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பின்னால் யாராவது தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றில் கல் கடிபட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தார். வெள்ளைக் கதவில் முழ நீளத்துக்கு ஒரு கீறல், நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் இன்னும் சரியாகக் காயாத கடல் பச்சை. ஒருத்தரும் வரவில்லை, ஒருத்தரும் பார்க்கவில்லை. அவர் செய்த முதல் வேலை, டப்பாவைத் திறந்து கேட்டில் உரிந்த இடத்துக்கு ஒரு கை பூசியதுதான். பழக்கம் அப்படி. பூசி முடித்து பிரஷ்ஷைத் துடைக்கும்போதுதான் மருமகன் முகம் ஞாபகத்துக்கு வந்தது; ஒரு கை மண்ணை அள்ளிக் கதவிலிருந்த பச்சையின்மேல் தேய்த்து மறைத்தார்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இப்போது வாசலுக்கு வந்தார். மனைவி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கதவையே பார்த்தபடி நின்றாள்.

"யாருங்க இந்த வேலையைப் பண்ணியிருப்பா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கத்துவாள். வயசுக்கேத்த புத்தி வேண்டாமா என்பாள். பொழுது சாய்வதற்குள் அடங்கியும் போவாள். ஆனால் காரை எதுக்கு எடுத்துக்கொண்டு போனீர்கள் என்று கேட்பாளே, அதற்கு வாயால் சொல்கிற மாதிரி ஒரு பதிலும் அவரிடம் இல்லை. நாலு பேர் பார்க்கணும்னு போனேன், மேஸ்திரி வாங்கன்னு சொல்லணும்னு போனேன் என்று கட்டின பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது?

"கேன்காரன் தினமும் இந்தப் பக்கமாத்தான் வண்டியைத் தள்ளிட்டுப் போறான்" என்றார்.

அதில் பொய் ஒன்றுமில்லை. கேன்காரர் தினமும் அந்தப் பக்கமாகத்தான் போகிறார். சந்தில் வேறு வழி கிடையாது. மீதிப் பொய்யை மனைவியே பூர்த்தி செய்துகொண்டாள்.

கேன்காரர் ரெண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறவர். தெருவுக்கும் எதிரிலிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் தண்ணீர் கேன் போடுகிறவர். ரெண்டு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று வைத்திருந்தார். அதற்கு அடித்திருக்கிற நீலம்கூடப் பெயிண்டர் கொடுத்த மிச்சப் பெயிண்ட்தான். "ஆஸ்பத்திரி சுவத்துக்கு அடிச்ச நீலம்யா, தண்ணி குடிக்கிறவனுக்கு வியாதியே வராது" என்று சொல்லிக் கொடுத்திருந்தார். கேன்காரருக்கு ஒரு முழங்கால் சரியில்லை, இடது காது சுத்தமாகக் கேட்காது. வாய் மட்டும் ரெண்டுக்கும் சேர்த்து வேலை செய்யும்.

அன்றைக்கு அந்த வாயும் வேலை செய்யவில்லை. வண்டியோடு அவர் சந்துக்குள் திரும்பியதும் பெயிண்டரின் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு மண்ணு தெரியாமத்தான் வண்டியைத் தள்ளுவியா? இது யார் காருன்னு தெரியுமா? எம்மருமகன் வந்து கேட்டா நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்?"

"அண்ணி, நான் உரசுன மாதிரி ஞாபகம் இல்லையே. இந்தப் பக்கம் காது கேக்காதுதான். ஒருவேளை..."

"காது கேக்காது சரி, கண்ணுமா போச்சு?"

மாடியில் யாரோ சிரித்தார்கள். எதிர்க் குடியிருப்பின் பால்கனிகளில் ஒவ்வொன்றாகத் தலைகள் முளைத்தன. கேட்டில் நின்ற வாட்ச்மேன், காதில் வைத்திருந்த போனை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார். கேன்காரர் குனிந்து கதவைப் பார்த்தார், தன் வண்டியைப் பார்த்தார், பிறகு பெயிண்டரைப் பார்த்தார். பெயிண்டர் வாசற்படியில் கால் மாற்றி நின்றுகொண்டு, "சரி விடு, காலங்காத்தால எதுக்குச் சத்தம்" என்று மனைவியை அடக்கினார். தெருவே அதைப் பார்த்தது. எவ்வளவு பெருந்தன்மையான மனுஷன் என்று யாராவது நினைத்திருப்பார்கள். அதை நினைக்கும்போது அவருக்குக் காது மடல் சுட்டது.

அத்தோடு முடிந்திருந்தால் காறித் துப்பிவிட்டு மறந்துபோயிருப்பார். மறுநாள் காலையில், பல் விளக்கிக்கொண்டு நின்றபோது, கேன்காரர் தள்ளுவண்டியைக் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு ஒரு கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே நொண்டிப் போவதைப் பார்த்தார். போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்து இன்னொரு கேனை ஏற்றினார். மறுபடியும் வந்தார். வாயில் நுரையோடு பெயிண்டர் தெருவைத் தாண்டிப் போனார்.

"என்னய்யா, வண்டி பஞ்சரா?"

"இல்லண்ணே. உள்ள வண்டி கொண்டாரக்கூடாதாம். நெறைய கார் நிக்குதுல்ல, அதான். எல்லாரும் சேர்ந்து சொல்லிட்டாங்களாம்." தோளில் கேன் இருந்ததால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு பேசினார். "நல்லதுதான். நடந்தா முட்டி சரியாயிடும்னு டாக்டரும் சொன்னாரு. டாக்டர் சும்மா நடக்கச் சொன்னாரா, கேனோட நடக்கச் சொன்னாரான்னுதான் கேக்க மறந்துட்டேன்."

பெயிண்டர் சிரிக்க முயன்றார். பற்பசை நுரை புரையேறி இருமல் வந்ததுதான் மிச்சம்.

மருமகன் திரும்பி வருவதற்கு முன்னால் கதவைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. கீறல் இல்லையென்றால் குற்றம் இல்லை, குற்றம் இல்லையென்றால் குற்றவாளியும் இல்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வண்டிப் பெயிண்ட் விற்கிற கடைக்குப் போனார். கடைக்காரப் பையன் "எந்த வெள்ளை?" என்று கேட்டான். வண்டியில ஒரு கலர் நம்பர் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்துட்டு வாங்க என்றான். "தம்பி, நான் பெயிண்ட்டுலயே பொறந்து பெயிண்ட்டுலயே வளந்தவன். எங்கண்ணு போதும்" என்று ஒரு ஸ்ப்ரே டின்னை எடுத்துக்கொண்டார். பட்டி, பிரைமர், வாட்டர் பேப்பர், ஒட்டுற டேப் எல்லாம் வாங்கிக்கொண்டார். ஸ்ப்ரே டின் மட்டும் அவருக்குப் புதுசு. சுவர் பெயிண்டருக்கு பிரஷ்ஷும் ரோலரும்தான் ரெண்டு கை. ஆனால் பெயிண்ட் பெயிண்ட்தானே? சுவராக இருந்தால் என்ன, தகரமாக இருந்தால் என்ன?

வீட்டு வாசலில் காரை நிறுத்தி, கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். முதலில் அந்தப் பச்சையைப் போக்கவேண்டும். அதுதான் அவசரம். தேய்க்கத் தேய்க்கக் கதவிலிருந்து பச்சைத் தண்ணீர் வழிந்தது, வாசல் சிமெண்டில் ஓடி, சாக்கடையை நோக்கிக் கோடு போட்டது.

"என்னண்ணே, நீங்களே இறங்கிட்டீங்களா?"

தலைக்கு மேல் கேன்காரரின் குரல். பெயிண்டர் உள்ளங்கையால் அந்த இடத்தை மூடினார். மூடிய பிறகுதான், மூடியிருக்கக்கூடாது என்று தெரிந்தது.

"இது என்னண்ணே பச்சையா வருது?"

"பிரைமர்" என்றார் பெயிண்டர். "கம்பெனியிலயே அடியில ஒண்ணு அடிப்பான். அது வருது."

"பச்சையிலயா அடிப்பான்?"

"ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு மாதிரி."

"அப்படியா!" கேன்காரர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "நமக்கு என்ன தெரியுது? தண்ணின்னா ஒரே கலரு."

இத்தனை வருஷம் பெயிண்ட் டப்பாவோடு மாரடித்துக் கற்றுக்கொண்ட தொழில், யாரும் எதிர்க்கேள்வி கேட்கமுடியாதபடி ஒரு பொய் சொல்லத்தான் உதவியது. பெயிண்டர் இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

"நானும் கூட இருக்கேண்ணே" என்றார் கேன்காரர். "என்னால ஆனது. நான் இடிச்சிருந்தாலும் இடிச்சிருப்பேன். ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். இந்தக் காதை நம்ப முடியாதுல்ல. வண்டியை வீட்டுல இறக்கி வெச்சுட்டு வர்றேன், இருங்க."

அவர் தன் வீட்டுப் பக்கம் போனதும் மனைவி துணி ஊறவைத்த வாளியோடு வெளியே வந்தாள். வாரத்தில் அவளுக்கு விடுமுறை அன்றுதான். சாக்கடை ஓரம் வாளியைச் சாய்க்கப் போனவள் நின்றாள். காலடியில் ஓடிய பச்சைத் தண்ணீரைப் பார்த்தாள். அது வருகிற வழியைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து, கதவு வரைக்கும் வந்து, அவருடைய விரல்களில் பார்வையை நிறுத்தினாள். அதே நிறம்தான் அவள் கையிலிருந்த வாளிக்குள்ளும் மிதந்தது. ஒரு வாரமாக அவருடைய சட்டையில் அவள் போராடிக்கொண்டிருக்கிற நிறம்.

"நீங்க வேலை பாக்குற வீட்டு கேட்டுக்கு என்ன கலர் அடிச்சதாச் சொன்னீங்க?"

பெயிண்டர் வாட்டர் பேப்பரைத் திருப்பிப் பிடித்தார். "பச்சை."

"ம்."

அவ்வளவுதான் கேட்டாள். வாளியைச் சாய்க்காமலே உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். அவள் கத்தியிருந்தால் தேவலை. பாத்திரத்தை நங்கென்று வைக்கிற சத்தமாவது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் நின்று கேன்காரரைக் கிழித்த வாய் அவளுடையது. அந்த வாயை வாடகைக்கு எடுத்தது யார் என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.

பள்ளத்தை நிரப்பப் பட்டி வைத்துத் தேய்த்து, பிரைமர் அடித்து, ஜன்னல் கண்ணாடிக்கும் கைப்பிடிக்கும் செய்தித்தாள் ஒட்டி முடிக்க வெயில் நன்றாக ஏறிவிட்டது. கீறல் விழுந்த இடத்துக்கு மட்டும் அடித்தால் போதாதா என்று கேட்டார் கேன்காரர். "சுவத்துல நடுவுல ஒட்டுப் போட்டா அசிங்கமாத் தெரியும்யா. மூலையிலிருந்து மூலைக்கு அடிக்கணும். அதுதான் கணக்கு" என்றார் பெயிண்டர். முழுக் கதவுக்கும் அடிப்பதாக முடிவானது. சுவர் வேலையில் தரையில் சொட்டும் என்பதால், காருக்கு அடியில் தரை முழுக்கச் செய்தித்தாள் பரப்பினார். சுற்றிலும் இருப்பதை மூடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பிரஷ்ஷில் தொட்ட பெயிண்ட் வைத்த இடத்தில் இருக்கும், தவறினால் கீழே விழும். காற்றில் ஏறிப் பக்கவாட்டில் போகிற பெயிண்ட்டோடு அவருக்குப் பழக்கமில்லை.

டின்னைக் குலுக்கி முதல் அழுத்து அழுத்தினார். சந்தில் வீசிய காற்றில் பாதி வெள்ளை கதவுக்கே போய்ச் சேரவில்லை.

"இருங்க இருங்க" என்று ஓடினார் கேன்காரர். தன் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, கதவுக்குப் பக்கத்தில், காற்று வருகிற திசையில் நிமிர்த்தி நிறுத்தினார். அதற்குப் பின்பக்கம் ஒரு பழைய விரிப்பைக் கட்டி, பறக்காமல் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "அடிங்க இப்ப. புயலே வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

காற்று அடங்கியது. பெயிண்டர் மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் என்று அடித்துக்கொண்டு போனார். 'ஸ்ஸ்' என்ற சத்தத்தோடு வெள்ளை ஏற ஏற, பட்டி வைத்த சாம்பல் திட்டு மங்கி மறைந்தது. நெஞ்சுக்குள் எதுவோ அதோடு சேர்ந்து மூடிக்கொள்கிற மாதிரி இருந்தது. சீக்கிரம் மூடிவிடவேண்டும் என்ற வெறியில் ஒரே இடத்தில் ரெண்டு கை, மூன்று கை அடித்துவிட்டார். கீழ்ப்பக்கம் பெயிண்ட் கனத்து, கண்ணீர் மாதிரி வழிய ஆரம்பித்தது. சுவரில் வழிந்தால் பிரஷ்ஷால் இழுத்துவிடுவார். இங்கே கையில் பிரஷ் இல்லை. யோசிப்பதற்குள் கட்டைவிரல் தானாகப் போய் அதைத் தடுத்தது. எடுத்தபோது பெயிண்ட்டில் ரேகை பதிந்திருந்தது. எழுதத் தெரியாதவன் பத்திரத்தில் வைத்த மாதிரி.

"அண்ணே, எனக்கும் சேர்த்து அடிச்சுட்டீங்களே" என்று சிரித்தார் கேன்காரர். நிமிர்ந்து பார்த்தால் அவர் மீசையும் புருவமும் மாவு தூவினாற்போல வெளுத்திருந்தன. "ஒரே நாள்ல எங்கப்பா மாதிரி ஆயிட்டேன் போல. வீட்டுக்குப் போனா எம்பொண்டாட்டி எந்திரிச்சு நின்னு மரியாதை குடுப்பா."

சொல்லிவிடலாம் என்று பெயிண்டர் வாயைத் திறந்தார். இப்போது சந்தில் யாருமில்லை. ரெண்டு பேர்தான். நானேதான்யா இடிச்சேன், ரெண்டே சொல்லு. ஆனால் இரண்டு கையையும் விரித்து விரிப்பைப் பிடித்துக்கொண்டு, தன்னுடையதல்லாத தப்புக்குக் காற்றைத் தடுத்துக்கொண்டு, வெள்ளை மீசையோடு சிரிக்கிற ஆளிடம் எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது?

"மூக்கைப் பொத்திக்க. உள்ள போனா கெடுதல்" என்று மட்டும் சொன்னார்.

மாலை வெளிச்சத்தில் கதவு புதுசு போல இருந்தது. பெயிண்டர் நாலு பக்கமிருந்தும் பார்த்தார். குறையே தெரியவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டைத் தட்டில் வைத்த மனைவி எதிரில் உட்காரவில்லை. வேலைச் சட்டை வாளியில் அப்படியே ஊறிக்கொண்டிருந்தது.

மறுநாள் மகளும் மருமகனும் வந்து இறங்கியபோது வெயில் நேராகக் கதவின்மேல் விழுந்துகொண்டிருந்தது. வெயில் பட்டதும் கதவு காட்டிக்கொடுத்தது. கார் பாலாடை வெள்ளை, இந்தக் கதவு மட்டும் நீலம் பாய்ந்த சுண்ணாம்பு வெள்ளை. நல்ல பல் வரிசைக்கு நடுவில் வைத்த பொய்ப்பல் மாதிரி பல்லிளித்தது. மருமகன் பையைக்கூட இறக்கவில்லை. கதவருகில் போய்க் குனிந்து, விரல் நுனியால் கீழே தடவினார். கட்டைவிரல் ரேகை இருக்கிற இடத்தில் விரல் நின்றது.

"கதவுக்கு என்ன ஆச்சு மாமா?"

பெயிண்டர் கைவிரலில் ஒட்டியிருந்த வெள்ளையைச் சுரண்டினார். மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். பதில் சொல்கிற ஆள் எனக்குத் தெரியும் என்கிற மாதிரி அவரையே பார்த்தாள். அப்போதுதான் கேன்காரர் தள்ளுவண்டியோடு சந்துக்குள் திரும்பினார். காரைச் சுற்றி நிற்கிற கூட்டத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, நேராக மருமகனிடம் வந்தார்.

"தம்பி, மாமாவை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் வண்டியை உரசிட்டேன் போல. பாவம், மாமா நேத்துப் பூராவும் வெயில்ல உக்காந்து சரி பண்ணினாரு."

"பரவாயில்லங்க, அதனால என்ன" என்றார் மருமகன். அவர் அப்படித்தான் சொல்வார் என்று பெயிண்டருக்குத் தெரியும். ஆனால் மருமகனின் பார்வை கேன்காரரைத் தாண்டி வண்டிக்குப் போயிற்று. நீலக் கைப்பிடியில், குறுக்குச் சட்டத்தில், வெள்ளைப் பெயிண்ட் பொட்டுப் பொட்டாகவும் ஓரிடத்தில் திட்டாகவும் ஒட்டியிருந்தது. மருமகன் நகத்தால் அதைச் சுரண்டிப் பார்த்தார். கோபமாக இல்லை, கணக்கு சரியாக வந்த திருப்தியோடு சொன்னார். "ஆமா, பாருங்களேன். நம்ம கார் பெயிண்ட் இதுல ஒட்டியிருக்கு. உயரமும் சரியா இருக்கு."

"நல்லாப் பாருங்க, அப்பா சொன்ன மாதிரி, வண்டி தள்ளுறவங்க கொஞ்சம் கவனமா இருந்தா என்ன?" என்றாள் மகள். அப்பா எதுவுமே சொல்லவில்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

கேன்காரர் குனிந்து தன் வண்டியைப் பார்த்தார். அது எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும். விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். இன்னும் அவர் காதோரத்து முடியில்கூட ரெண்டு வெள்ளைப் பொட்டு இருந்தது. நிமிர்ந்து பெயிண்டரைப் பார்த்தார். இதுக்கு நீங்கதானே சொல்லணும், சொல்லுங்க என்கிற பார்வை. ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம் அப்படியே காத்திருந்தார். பெயிண்டர் கதவிலிருந்த ரேகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேன்காரரின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல அணைந்தது.

"ஆமா தம்பி" என்றார். "பட்டிருக்கு."

அந்நேரம் பெயிண்டரின் மனைவி உள்ளே போய் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேலைத் துணிகளை அவள் எப்போதும் வீட்டுக்குப் பின்னால்தான் காயப்போடுவாள். இன்றைக்கு வாசல் கொடிக்கு வந்தாள். சட்டையை உதறினாள். எல்லோர் முகத்திலும் சாரல் தெறித்தது. தெருவைப் பார்க்கும்படி அதை விரித்துக் கிளிப் போட்டாள். முன்பக்கமும் முழங்கையிலும் எத்தனை துவைத்தும் போகாத கடல் பச்சை, வெயிலில் பளிச்சென்று நின்றது. யாரையும் பார்க்காமல் வாளியோடு உள்ளே போய்விட்டாள்.

மருமகனுக்கு அது ஈரச்சட்டை. மகளுக்கு அப்பாவின் சட்டை. கேன்காரர் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலைத்துணியை மறுபடியும் கட்டிக்கொண்டு, வண்டியிலிருந்து ஒரு கேனைத் தூக்கித் தோளில் ஏற்றினார். பெயிண்டரைத் தாண்டும்போது நின்று, கேட்காத காதை அவர் பக்கமே திருப்பிக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அண்ணே, உங்க வீட்டுக் கொடியில பிரைமர் காயுது."

சிரிக்கவில்லை. பதிலுக்கும் நிற்கவில்லை. நொண்டி நொண்டித் தெருவைத் தாண்டி, குடியிருப்பின் கேட்டுக்குள் போனார்.

வண்டி சந்திலேயே நின்றது. மிச்சக் கேன்கள் அதில் இருந்தன. மருமகன் போனை எடுத்துக் கதவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் "உள்ள வாங்கப்பா, வெயில்ல நிக்காதீங்க" என்றாள். பெயிண்டர் உள்ளே போகவில்லை. தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். நினைத்ததைவிடக் கனம். கேன்களுக்குள் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் மோதியது. உள்ளங்கைக்குக் கீழே அந்த வெள்ளைப் பொட்டுகள் மணல் மாதிரி நறநறத்தன.

"மாமா, எங்க போறீங்க? அவர் வந்து எடுத்துக்குவாரு" என்றார் மருமகன்.

"நீங்களும் வாங்க மாப்ள" என்றார் பெயிண்டர். குரல் அவருக்கே கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. கையில் போனோடு மருமகன் ரெண்டடி எடுத்து வைத்தார், புரியாமல் நின்றார், பிறகு பின்னால் வந்தார்.

சக்கரம் கிறீச்சிட்டது. ஒரு பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்து பால்கனியிலும் ஒரு தலை வந்தது. தெருவைத் தாண்டி, குடியிருப்பின் கேட்டுக்கு முன்னால் வந்தபோது வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து, உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"வண்டி உள்ள வரக்கூடாது. உங்களுக்குத் தெரியாதா பெயிண்டரே? உங்க காரை இடிச்ச வண்டிதானே இது?"

உள்ளே, நிற்கிற கார்களுக்கு நடுவில், கேனோடு போய்க்கொண்டிருந்த கேன்காரர் திரும்பிப் பார்த்தார். பெயிண்டரின் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க முடியவில்லை. கையை எடுத்தால் வண்டி சாய்ந்து கேன்கள் உருண்டுவிடும். ரெண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாட்ச்மேனின் விரிந்த உள்ளங்கைக்கு முன்னால், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுவதற்கு முன், தண்ணீர் அசைந்து அடங்குவதற்காக நின்றார்.